ஆல்பத்தில் குத்துவிளக்கு உண்டு, மெஸ் இல்லை

எங்கள் டிபார்ட்மென்ட் குரூப் போட்டோ இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கறுப்பு அட்டையில் ஒட்டி, கீழே வெள்ளை எழுத்தில் பெயர்கள் அச்சிட்டது. ‘அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்’ என்று ஆரம்பிக்கும். நடுநாயகமாக முதல்வர், பக்கத்தில் துறைத்தலைவர், அப்புறம் பணிமூப்பு வரிசைப்படி ஆசிரியர்கள். அவர்களுக்குப் பின்னால் மாணவிகள். அதற்கும் பின்னால் பென்ச் மேல் ஏறி நிற்கும் நாங்கள். அன்றைக்கு அம்மை போட்டு வராமல் போனவனின் பாஸ்போர்ட் படத்தை வலது மேல்மூலையில் முட்டை வடிவத்தில் வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இடது ஓரத்தில், கடைசி நாற்காலிக்குப் பக்கத்தில், காக்கிச் சட்டையோடு அட்டெண்டர் நிற்கிறார். அத்தனை நாற்காலியையும் வகுப்பறையிலிருந்து வேப்பமரத்தடிக்குத் தூக்கி வந்து போட்டவர் அவர்தான். படத்தில் 63 முகங்கள். கீழே 62 பெயர்கள்.

அதே வருடம் எடுத்த இன்னொரு படமும் இருக்கிறது. ஹாஸ்டல் நண்பன் அண்ணனிடம் இரவல் வாங்கி வந்த யாஷிகா கேமராவில் எடுத்தது. ஃபேர்வெல்லுக்காக 36 படம் எடுக்கும் ரோல் போட்டிருந்தோம். எல்லாம் எடுத்து முடித்த பிறகும் ஒன்று மிச்சம். ரோலை முடித்தால்தானே கழுவக் கொடுக்க முடியும்? அதனால் ராத்திரி மெஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது சும்மா ஒரு கிளிக். நீளப் பலகை, எவர்சில்வர் தட்டுகளில் பட்டுத் தெறிக்கும் ஃபிளாஷ் வெளிச்சம், சாம்பார் வாளி, லுங்கியை மடித்துக் கட்டிய இருவர், பின்னால் கரும்பலகையில் சாக்பீஸால் ‘வியாழன்: சப்பாத்தி, குருமா’. ஒருவன் வாய் நிறையச் சோறோடு திரும்பிப் பார்க்கிறான். அன்றைக்கு வியாழன் இல்லை போலிருக்கிறது.

முதல் 35 படங்களில் எங்கள் முகம் இருக்கிறது. மிச்சத்துக்கு எடுத்த அந்த ஒன்றில்தான் எங்கள் கல்லூரி இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த முப்பத்தாறாவது படத்தைப் பற்றியது.

எந்தக் கல்லூரியின் ஆண்டு மலரையும் புரட்டிப் பாருங்கள். குத்துவிளக்கு ஏற்றும் சிறப்பு விருந்தினர், பொன்னாடை போர்த்தும் தாளாளர், நினைவுப் பரிசு, கோப்பையோடு கபடி அணி. நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றால் பேனர் பிடித்த வரிசை. மரம் நடுவிழா என்றால் ஒரே கன்றைப் பத்துக் கைகள் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு வளாகத்தில் வருடத்துக்கு நான்கைந்து நாள் நடப்பது இது. மிச்ச நாட்களில் நடப்பதற்குப் படமே இருக்காது. கடைசித் தேதியன்று கட்டணக் கவுண்டரில் நிற்கும் வரிசை, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்க லேப் வாசலில் காத்திருப்பது, பரீட்சைக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடைக் கூட்டம், மரத்தடியில் டிபன்பாக்ஸைத் திறந்து பொரியல் மாற்றிக்கொள்வது, இதையெல்லாம் படம் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாளைக்கும் நடக்கப்போவதுதானே என்ற நினைப்பு.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள வியாதி என்று சொல்ல மாட்டேன். கல்வி வளாகத்தின் அன்றாடத்தை ஆவணமாக எடுத்தவற்றில் மிகப் புகழ்பெற்ற தொகுப்பைப் பார்த்தாலே சிக்கல் எங்கே இருக்கிறது என்று புரியும்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹாம்ப்டன் என்ற கல்வி நிறுவனம். உள்நாட்டுப் போர் முடிந்த மூன்றாம் வருடம், 1868இல், அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காகத் தொடங்கியது. 1878 முதல் அமெரிக்கப் பழங்குடி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. புகழ்பெற்ற கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் அங்கே படித்தவர்தான். 1899 டிசம்பரில், வாஷிங்டன் நகரத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த ஃபிரான்சஸ் பெஞ்சமின் ஜான்ஸ்டன் என்ற வெள்ளையினப் பெண் புகைப்படக்காரரை நிர்வாகம் அழைத்தது. அடுத்த வருடம் பாரிஸில் உலகக் கண்காட்சி. அதில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் முன்னேற்றத்தைக் காட்ட ஒரு தனிப் பகுதி. அதற்குத்தான் படம் வேண்டும். ஜான்ஸ்டன் சில வாரங்கள் தங்கி 150க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்.

அவற்றில் எல்லோரும் எடுத்துக்காட்டும் படம் ஒன்று உண்டு. பொருளாளர் வீட்டு மாடிப்படி. மாணவர்கள் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் கைப்பிடியில், ஒருவர் படியில், ஒருவர் கீழே, ஆளுக்கொரு வேலை. யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. வெளிச்சம் அவ்வளவு அழகாக விழுந்திருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஏதோ இடிக்கும். ஒருவர்கூட அசைந்து கலங்கித் தெரியவில்லை. வேலை செய்யும் கை எப்படி அவ்வளவு தெளிவாக விழும்? எல்லோரும் வேலை செய்வதுபோல அப்படியே உறைந்து நின்றிருக்கிறார்கள். வகுப்பறைப் படங்களிலும் இதே கதைதான். அளவெடுக்கும் மாணவர்கள், செடியைப் பார்க்கும் மாணவர்கள், பாலாடைக்கட்டி அழுத்தும் பொறியை ஆராயும் மாணவர்கள். தூங்கி வழிபவர் இல்லை, சிரிப்பவர் இல்லை, ஜன்னல் வழியே வெளியே பார்ப்பவர் இல்லை.

இதற்கு முதல் காரணம் கேமரா. தாங்கியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடித் தகட்டில் எடுக்கும் பெரிய பெட்டி அது. உள்ளறை வெளிச்சத்தில் நொடிக்கணக்கில் அசையாமல் இருந்தால்தான் உருவம் விழும். நம் தாத்தா பாட்டி பழைய படங்களில் விறைப்பாக நிற்பதற்கும் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி வேறு. அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகளில் கறுப்பின மக்கள் வந்தால் கேலிச் சித்திரமாகத்தான் வருவார்கள். அப்படி ஒரு நாட்டில், விறைப்பாக நிற்பதும் கோட்டுப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொள்வதும் சும்மா போஸ் இல்லை, அது ஒரு பதில். ஹாம்ப்டன் படங்களை ‘செட்டப்’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கிய பெண், வாடகை அங்கி போட்டு, ஸ்டூடியோவில் சுருட்டிய வெள்ளைத்தாளைக் கையில் பிடித்து எடுத்துக்கொண்ட படம் நம் ஊர் வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. உள்ளே பட்டம் இல்லை, வெறும் தாள் என்று அந்த வீட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

ஆனாலும் ஹாம்ப்டன் படங்களில் உறுத்தும் விஷயம் இருக்கத்தான் செய்கிறது. வரலாற்று வகுப்பு ஒன்றின் படம். பழங்குடி மாணவர் ஒருவர் தன் மரபு உடையில் முன்னால் நிற்கிறார். சீருடையிலும் கோட்டிலும் இருக்கும் சக மாணவர்கள் அவரைப் பாடப்பொருளாகப் பார்க்கிறார்கள். படிக்க வந்தவரே அங்கே காட்சிப்பொருள். இன்னொன்று, ‘முன்பு’, ‘பின்பு’ என்று ஜோடி போட்ட படங்கள். பழைய மரக்குடிசை ஒரு பக்கம், ஹாம்ப்டனில் படித்தவரின் வீடு மறுபக்கம். நம் சலவைத்தூள் விளம்பர உத்தியேதான். நிறுவனத்துக்கு நன்கொடை வேண்டும், அதற்கு ஏற்ற மாதிரி வாழ்க்கையைப் பிரித்துக் காட்டியாக வேண்டும். தலைப்புகளைப் பார்த்தால் பாடத்தின் பெயர் இருக்கிறது, தொழிலின் பெயர் இருக்கிறது, மாணவர் பெயர் இல்லை. என் குரூப் போட்டோவின் அட்டெண்டர் ஒருவர் என்றால், இங்கே ஒரு கல்லூரியே அட்டெண்டர்.

பாரிஸில் பரிசு வாங்கிய அந்தப் படங்கள் பிறகு மறக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லிங்கன் கிர்ஸ்டைன் என்ற எழுத்தாளர் வாஷிங்டனில் ஒரு பழைய புத்தகக் கடையில் தோல் அட்டை போட்ட ஆல்பம் ஒன்றைக் கண்டெடுத்தார். அது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய், 1966இல் 44 படங்களுடன் கண்காட்சியாகவும் புத்தகமாகவும் வந்தது. விளம்பரத்துக்கு எடுத்தது ஆவணமானது இப்படித்தான். எடுத்தவர் காட்ட நினைத்ததைத் தாண்டி, சுவர் மரப்பலகை, மேஜைமேல் குடுவை, செருப்பின் தேய்மானம் என்று கேமரா தானாக வாங்கி வைத்துக்கொண்டதைத்தான் இன்றைக்கு நாம் பார்க்கிறோம்.

சரி, கேமரா சிறியதாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். 1919இல் வைமாரில் தொடங்கி, 1925இல் டெசாவ் நகரத்துக்கு மாறி, 1926 கடைசியில் பள்ளியின் நிறுவனர் வால்டர் க்ரோபியஸ் வடிவமைத்த கண்ணாடிச் சுவர்க் கட்டடத்தில் குடியேறியது. கைக்கு அடக்கமான லைக்கா கேமரா சந்தைக்கு வந்ததும் அதே 1925இல்தான். வேடிக்கை என்னவென்றால், புகைப்படம் அங்கே ஒரு பாடமாக வந்தது 1929இல். அதற்கு முன்பே மாணவர்கள் பாட்டுக்கு எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பால்கனிக் கம்பியில் தொங்குவது, கால்பந்து, பள்ளியின் ஜாஸ் இசைக்குழு, விருந்துக்குப் போட்ட கோமாளி வேஷம். அவர்களில் டி. லக்ஸ் ஃபைனிங்கர் 16 வயதில் அங்கே சேர்ந்தவர், அதே பள்ளியில் இருந்த ஓவியர் ஒருவரின் மகன். கட்டடத்துக்கு முன்னால் பந்துக்காக ஒருவன் ஆகாயத்தில் எகிறிக் குதிக்கும் அவருடைய படம் உலகப் புகழ் பெற்றது. ஹாம்ப்டனில் ஒருவர்கூடக் கலங்கித் தெரியவில்லை, இங்கே ஒருவர் கால்கூடத் தரையில் இல்லை. கேமராவும் ஃபிலிமும் வேகமானது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எடுத்தவன் கூடப் படித்தவன். அவனுக்காக யாரும் சட்டைப் பொத்தானைப் போட வேண்டியதில்லை.

அதே வளாகத்தில் லூசியா மொஹோலியும் இருந்தார். ஆசிரியரின் மனைவியாக வந்தவர், சம்பளம் இல்லாத புகைப்படக்காரர். பௌஹவுஸ் கட்டடமும் பொருட்களும் எப்படி இருந்தன என்று உலகம் மனதில் வைத்திருக்கும் பிம்பம் பெரும்பாலும் அவர் எடுத்தது. 1933இல் நாஜிகளிடமிருந்து தப்பி ஓடும்போது ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கண்ணாடி நெகட்டிவ்களைப் பெர்லினில் விட்டுவிட்டுப் போனார். அவை க்ரோபியஸ் கைக்குப் போய் அமெரிக்கா சேர்ந்தன. 1938இல் நியூயார்க்கில் நடந்த பௌஹவுஸ் கண்காட்சியிலும் நூலிலும் அவர் பெயர் இல்லாமலே பயன்பட்டன. தன் படங்கள் க்ரோபியஸிடம்தான் இருக்கின்றன என்பதே அவருக்கு 1950களில்தான் தெரிந்தது. வக்கீல் வைத்துப் போராடி வாங்கியும் பாதிக்கும் குறைவாகத்தான் திரும்பி வந்தன. வளாகத்தில் படம் எடுப்பவர்கள் இந்தக் கதையைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. நம் நாட்டு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை முதலில் எடுத்தவருக்கே. ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமாக இருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், எடுக்கச் சொன்னவருக்கு. அந்தக் கணக்கில் என் குரூப் போட்டோ சந்தா போட்ட எங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். மெஸ் படம் சந்தேகமே இல்லாமல் அந்த யாஷிகா நண்பனுடையது. அவனிடம் இதைச் சொல்லவில்லை, சொன்னால் பில் போடுவான்.

உள்ளே இருப்பவன் எடுத்தால் உயிர் இருக்கும், வெளியாள் எடுத்தால் விறைப்பு வரும் என்று சூத்திரம் போட்டுவிடலாம் போலத் தோன்றும். கார்டன் பார்க்ஸ் என்ற கறுப்பினப் புகைப்படக்காரர் அந்தச் சூத்திரத்தைக் கெடுக்கிறார். 1943 தொடக்கத்தில், அமெரிக்க அரசின் போர்க்காலத் தகவல் அலுவலகத்துக்காக, ஃபுளோரிடாவின் டேடோனா பீச்சில் உள்ள பெத்தூன் குக்மன் கல்லூரிக்குப் போனார். மேரி மெக்லியோட் பெத்தூன் என்ற கறுப்பினப் பெண் கல்வியாளர் 1904இல் ஒன்றரை டாலரும் ஐந்து சிறுமிகளுமாகத் தொடங்கிய பள்ளி வளர்ந்து கல்லூரியானது அது. அந்த அம்மையார் தலைவர் பதவியிலிருந்து அப்போதுதான் விலகியிருந்தார். விடைபெறும் அவரைச் சுற்றி மாணவிகள் நிற்கும் படங்கள் இருக்கின்றன. அவற்றோடு வகுப்பறை, பட்டறை, விடுதி அறை எல்லாம் இருக்கின்றன. பார்க்ஸ் அங்கே படித்தவர் இல்லை. கல்லூரிப் படியே ஏறாதவர். ஆனால் என்ன எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனவர்.

அந்தத் தெரிதல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ராய் ஸ்ட்ரைக்கர் என்ற மனிதரின் பட்டியல்களுக்குக் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டும். 1930களில் அமெரிக்க அரசின் வேளாண் பாதுகாப்பு நிர்வாகத்தின் புகைப்படப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர், பார்க்ஸும் பிறகு அவரிடம் வேலை பார்த்தவர்தான். புகைப்படக்காரர்களை ஊருக்கு அனுப்பும்போது கையில் ஒரு பட்டியலையும் கொடுத்தனுப்புவார். சாயங்காலம் வீட்டில் மக்கள் என்ன செய்கிறார்கள், ஏழை வீட்டில் எப்படி, வசதியான வீட்டில் எப்படி. சுவரில் என்ன தொங்குகிறது. ஆட்கள் எங்கே கூடி நிற்கிறார்கள். குத்துவிளக்கு, பொன்னாடை வகையறா அதில் கிடையாது. பிடிக்காத நெகட்டிவ்களில் பஞ்சிங் மெஷினால் ஓட்டை போட்டுவிடுவார் என்ற கெட்ட பெயரும் அவருக்கு உண்டு, அது நியாயமான கெட்ட பெயர்தான். எப்படியோ, அந்தப் பிரிவும் தகவல் அலுவலகமும் சேர்த்து விட்டுப்போன சுமார் 1,75,000 கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம்.

அன்றாடம் தானாகக் கேமராவுக்குள் வந்து விழாது என்பதுதான் இதில் நமக்கு உள்ள செய்தி. விழாவுக்கு நிகழ்ச்சி நிரல் இருக்கிறது, அதனால் புகைப்படக்காரருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரியும். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றேகால் மணிக்கு நிகழ்ச்சி நிரல் இல்லை. அதற்கு யாராவது உட்கார்ந்து பட்டியல் எழுதித்தான் ஆக வேண்டும்.

நம் கல்லூரிகளுக்கு இப்போது பட்டியல் வந்திருக்கிறது. எழுதியது நாக், அதாவது தேசிய மதிப்பீடு மற்றும் தரச்சான்று அவை. ‘நாக் வருது’ என்றால் சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து குரோட்டன்ஸ் தொட்டி இறங்குவது வரை என்னென்ன நடக்கும் என்று கல்லூரிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறிக்கையில் வசதிகளுக்குச் சான்றாக இடக்குறியீடு பதிந்த புகைப்படங்கள் கேட்கிறார்கள். அதனால் செல்போனில் அதற்கென்று ஒரு ஆப் போட்டுக்கொண்டு ஆசிரியர்கள் வளாகம் முழுக்கச் சுற்றுகிறார்கள். சாய்தளம், சூரிய மின்தகடு, மழைநீர் சேகரிப்புத் தொட்டி, குப்பைத் தொட்டி, பெண்கள் ஓய்வறை, ஸ்மார்ட் போர்டு. ஒவ்வொரு படத்தின் அடியிலும் குட்டி வரைபடம், தேதி, மணி, ஊர், பின்கோடு. தமிழ்நாட்டு வளாகங்கள் இவ்வளவு முறையாகப் படம்பிடிக்கப்பட்டது இதற்கு முன் நடந்ததில்லை. ஆனால் பாருங்கள், அட்சரேகை தீர்க்கரேகை ஆறு தசமத்துக்குச் சுத்தமாக இருக்கும், ஆள் இருக்க மாட்டார். சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறியதா, ஓய்வறைக் கதவு திறந்திருக்குமா, யாரிடம் சாவி கேட்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் செவ்வகத்துக்கு வெளியே.

கிண்டலாகச் சொன்னாலும் அந்தப் படங்களைத் தூக்கிப் போடாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஜான்ஸ்டன் ஆல்பமும் ஒருவகையில் நிதி கேட்கும் அறிக்கைதான். 50 வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு ஸ்மார்ட் போர்டு முக்கியமாக இருக்காது. அதன் ஓரத்தில் சுவரில் பென்சிலால் கிறுக்கியிருக்கும் பஸ் நம்பர்தான் முக்கியமாக இருக்கும்.

மாணவர்கள் கையில் செல்போன் வந்த பிறகு இந்தக் குறை தீர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. எடுப்பது தீர்ந்தது, வைத்திருப்பது தீரவில்லை. 2005 வாக்கில் கல்லூரிக்குள் போன தலைமுறை தன் படங்களை எல்லாம் ஆர்குட் என்ற சமூக வலைத்தளத்தில் ஏற்றியது. ‘ஃபிரண்ட்ஸ் ஃபார் எவர்’ என்ற பெயரில் ஆல்பம் இல்லாதவர் அதில் இல்லை. 2014 செப்டம்பர் 30 அன்று ஆர்குட்டை மூடினார்கள். படங்களை இறக்கிக்கொள்ள 2016 வரை அவகாசம் இருந்தது. எத்தனை பேர் இறக்கினோம்? பழைய கடவுச்சொல்லே யாருக்கும் ஞாபகம் இல்லை. அப்புறம் வந்த வாட்ஸப், படத்தை அமுக்கிச் சின்னதாக்கி அனுப்புகிறது. எடுத்த தேதி, கேமரா விவரம் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன. மெஸ் படத்தின் நெகட்டிவ் இன்னும் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது. என் தம்பியின் கல்லூரி நாட்கள் தண்ணீரில் விழுந்த ஒரு போனோடு போய்விட்டன.

ஸ்டூடியோக்களின் கதையும் அப்படித்தான். மாவட்டத் தலைநகரங்களில் கல்லூரி குரூப் போட்டோவுக்கு என்றே பேர்போன ஸ்டூடியோ ஒன்றாவது இருக்கும். டிஜிட்டல் வந்ததும் கண்ணாடித் தகடுகளும் நெகட்டிவ் பெட்டிகளும் இடம் அடைக்கிறது என்று பழைய சாமான்காரரிடம் போயின. நெகட்டிவில் இருக்கும் வெள்ளிக்காக வாங்கிப்போனவர்களும் உண்டு. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி எண்மப்படுத்தியது நல்ல காரியம். நேபாளத்தில் 2011இல் தொடங்கிய நேபாளப் படநூலகம் இன்னொரு வழியைக் காட்டியது. வீட்டு ஆல்பங்களைக் கேட்டு வாங்கி, நகலெடுத்துக்கொண்டு, கூடவே அந்தப் படத்தின் கதையையும் கேட்டுப் பதிந்துகொள்கிறார்கள். ஒரு கல்லூரிக்கு இதைச் செய்யப் பெரிய நிதி வேண்டாம். முன்னாள் மாணவர் சந்திப்பில் ஒரு மேஜை, ஒரு ஸ்கேனர், பொறுமையாகக் கேட்கத் தெரிந்த இரண்டு மாணவர்கள் போதும். ஒட்டும் பிளாஸ்டிக் தாள் போட்ட ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்க்கும்போது மட்டும் ஜாக்கிரதை, பசையோடு முகமும் வந்துவிடும்.

அன்றாடத்தை எடுங்கள் என்று சொல்லும்போதே எனக்குள் ஒரு தயக்கமும் இருக்கிறது. மேடையில் நிற்பவர் தன்னைப் படம் எடுப்பார்கள் என்று தெரிந்துதான் நிற்கிறார். மெஸ்ஸில் சாப்பிடுபவர் அப்படி இல்லை. லுங்கி கட்டிய எங்கள் படத்தை நாங்கள் சிரித்துக்கொண்டே காட்டலாம். பெண்கள் விடுதியில் அதே மாதிரி எடுத்த படம் வெளியே வந்தால் கதை வேறு. ஒரு படத்தை வைத்துப் படிப்பை நிறுத்திய வீடுகள் உண்டு. மார்ஃபிங் பயம் உண்டு. பல கல்லூரிகளில் பெண்கள் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்வதற்கு இதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் பாதிப் பேருடைய கல்லூரி வாழ்க்கைக்குப் படமே இல்லாமல் போகிறது. பூட்டிய விடுதிக்குள் அவர்களே ஒருவரை ஒருவர் எடுத்துக்கொண்டு, தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் படங்கள்தான் ஒருவேளை நம் காலத்தின் மிகச் சிறந்த வளாக ஆவணமாக இருக்கும். அதைப் பார்க்கும் உரிமை எனக்கு இல்லை, இருக்கவும் வேண்டாம்.

2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பற்றி விரிவாகப் பேசுகிறது. சட்டத்தை விடுங்கள், கூடவே இருப்பவர்களை எடுப்பதில் எளிமையான ஒரு வழக்கம் உதவும். எடுத்த படத்தை அதில் இருப்பவரிடமே முதலில் காட்டுவது. ‘அக்கா, இது நல்லா இருக்கா, வெச்சுக்கட்டுமா?’ என்று கேட்டால், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். வைத்துக்கொள் என்றால் பெயரையும் சொல்வார்கள். அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். பால்பாயின்ட் பேனா படத்தில் அழுந்தி முன்பக்கம் தடம் விழும், மையும் ஊறும். மென்மையான பென்சில்தான் நல்லது.

போன வருடம் எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் அந்த குரூப் போட்டோவைப் போட்டு, ஓரத்தில் நிற்பவரின் பெயர் என்ன என்று கேட்டேன். ஐந்து நிமிடத்தில் பதினேழு பதில்கள். எல்லாம் ஒரே பதில்: மணி அண்ணன். சரி, மணி என்பது அவர் பெயரா, மணி அடித்ததால் வந்த பெயரா? குழுவில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மூன்று வருடம் தினமும் பார்த்தவர். லேட்டாக வந்தால் கேட்டைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு ‘ஓடு ஓடு’ என்பார். ஒருவனுக்கு அவசரத்துக்குப் பரீட்சைக் கட்டணமே கட்டியிருக்கிறார், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோமா என்று அவன் அன்றைக்குத்தான் யோசித்தான். கடைசியில் மாணவி ஒருவர், அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரின் எண்ணைத் தேடிப்பிடித்துக் கேட்டுச் சொன்னார். மணி என்ற எழுத்தே அதில் இல்லை. குலசாமி பெயர், அழகான நீளப் பெயர். பேரப்பிள்ளைகளோடு ஊரில் இருக்கிறாராம், போன் வைத்துக்கொள்வதில்லையாம்.

அட்டையைத் திருப்பி, பின்பக்கம் இடது ஓரத்தில், அவர் நிற்கும் இடத்துக்கு நேர்ப் பின்னால் பென்சிலால் எழுதிவைத்தேன். இங்கே எழுதவில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது படத்தை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டிவிட்டுக் கேட்க வேண்டும்.